பெயரின் பின்பாதி

நவம்பர் கடைசியில் சூரியன்
மலைக்குப் பின்னால் போய்விடும்.
பிறகு ஒன்பது வாரம்
பகல் என்பது இரண்டு மணி நேரச் சாம்பல் நீலம்.
ஜனவரி இருபத்தைந்து, வானம் தெளிந்திருந்தால்,
தேவாலயத்தின் தகரக் கூரை முதலில் மினுங்கும்.
வீட்டுக்கு வீடு மெல்லிய அப்பம் சுட்டு
காப்பி கொதிக்கவைப்போம், சூரியனுக்காக.

என் நாற்பத்தாறு வருடத்தில்
அன்று வானம் தெளிந்தது பதினொரு முறை.
அம்மா ஒருமுறைகூட
மாவு கரைக்காமல் இருந்ததில்லை.

ஐஸ்லாந்தில் எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
அப்பாவின் பெயரோடு ‘மகள்’ ஒட்டிக்கொள்ளும்,
அவ்வளவுதான்.
நான் உன்னுர் மகள்.
அம்மா பெயரைப் போட்டுக்கொள்வது இப்போது நாகரிகம்.
அப்போது அது ஓட்டை.
பள்ளியில் பையன்கள் அதற்குள் விரல் விட்டுப் பார்த்தார்கள்:
இழுவைப் படகு மகள்,
அந்நியக் கப்பல் மகள்,
கடல்நாய் மகள்.
நானும் சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் முகத்தைப் பனியில் தேய்ப்பார்கள்.

மீன் ஆலையில் என் மேலங்கி எண் முப்பத்தொன்று.
காட் மீன் துண்டை வெளிச்ச மேசையில் வைத்தால்
சதைக்குள் ஒளிந்த புழு தெரியும்.
என்னையும் அப்படிப் பார்த்திருக்கிறேன்,
கண்ணாடி முன் நின்று:
இந்த மூக்கு யாருடையது?

போன மாதம் ஒரு தொலைபேசி.
பக்கத்து ஃபியோர்டிலிருந்து எய்தோர் என்று ஒருவன்.
“அப்பா இலையுதிர் காலத்தில் போய்விட்டார்.
அவருடைய தூண்டில் டப்பாவில்
உங்கள் பள்ளிப் படம் இருந்தது.
வேண்டுமானால் அவர் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.
எங்களுக்கு மறுப்பில்லை.”

மறுப்பில்லை!

படிவம் வாங்கிவந்தேன்.
காலியாக ஒரு கோடு.
கோட்டின் முடிவில் ‘மகள்’ என்று
அச்சடித்தே வைத்திருந்தார்கள்.
மூன்று வாரம் அதன்மேல் காப்பிக் குவளை வைத்து எடுத்தேன்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன்,
என் ஞானஸ்நானத்தன்று என்ன நடந்தது என்று.
குழாய் உறைந்துபோச்சு, என்றாள்.
போதகர் வால்கெய்ர் வாளியில் பனி அள்ளி
அடுப்பில் வைத்து உருக்கினார்.
ஒரு வைக்கோல் துணுக்கு மிதந்தது, எடுக்கவில்லை.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்,
யார் பிள்ளை என்று கேட்கிற இருமல்.
அவர் நிமிரவில்லை.
தோர்கத்லா, என்றார். முதல் பெயர் மட்டும்.
தொட்டியருகே எந்தப் பிள்ளைக்கும்
முதல் பெயர் மட்டும்தான்.
அப்புறம் சொன்னார்:
பிதாவின் பெயராலே.

எத்தனை ஞாயிறு, எத்தனை குழந்தைகள்,
அந்தச் சொல்லை நான் கேட்டபடிதான் இருந்தேன்.
காதில் விழுந்தது நேற்று.
ஊரே கேட்க, என் தலைமேல்
ஒரு தகப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.
ஓட்டை என்று நான் தடவிய இடம்
ஈரமாகத்தான் இருந்திருக்கிறது,
இத்தனை வருடமும்.

கர்த்தாவே, நான் நல்ல விசுவாசி இல்லை.
குளிர்காலத்தில் பாதி நாள் உம்மோடு பேச்சில்லை.
எட்டாம் வாரத்தில் மலையைப் பார்த்து
இந்த வருடம் மறந்துவிட்டீரோ என்று நினைப்பேன்.
ஆனால் நாட்காட்டியில் இருபத்தைந்தை
ஒருநாளும் பென்சிலால் வட்டமிட்டதில்லை.
பேனாதான்.

இன்று அந்த நாள். மேகம்
ஈரக் கம்பளிபோல மலைமேல் கிடக்கிறது.
அம்மா மாவை ஊற்றுகிறாள்.
எய்தோரை அழைத்தேன்.
படம் எனக்கு வேண்டும், பெயர் இருக்கட்டும், என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
“அப்படியென்றால் உங்களை என்னவென்று சொல்ல?”
“தோர்கத்லா.”
“தோர்கத்லா… யார் மகள்?”
“மகள்தான்,” என்றேன்.

சாலையில் பனி வாரிவிட்டால் வருகிறானாம்.
நாலு அப்பத்தைத் தட்டில் மூடி வைத்தேன்.
அம்மா ஐந்தாவதை வைத்தாள்,
சர்க்கரை தூவி,
ஜன்னலைத் திரும்பியும் பார்க்காமல்.