ஒன்பதே முக்கால்

ஒன்பதே முக்காலுக்குப்
போனை அரிசி வாளிக்குள் புதைத்து
மூடியின்மேல் திருவலையை ஏற்றி வைக்கிறேன்.
எடுக்கப் போனால் சத்தம் கேட்கவேண்டும்.
நிமலேசனின் யோசனை.

போன வைகாசியில்
விடியப்புறம் மூன்று மணிக்கு
ரியூட்டரிப் பிள்ளைகளுக்கு
அறுபத்தொரு குரல்பதிவு அனுப்பினேன்.
திரிகோணகணிதம் முழுவதும் ஒரே மூச்சில்.
இடையில் பாடியும் காட்டினேனாம்.
ஒரு சமன்பாடுகூடப் பிழையில்லை,
இன்றைக்கும் நோகிறது அதுதான்.

அந்தக் கிழமைதான்
பதினாலு வெள்ளைப்பலகை வந்து இறங்கியதும்
காப்பு அடகுக்குப் போனதும்.
பிறகு ஆனி, ஆடி.
தலை இழுக்கக் கை எழும்பாத இரண்டு மாதம்.
குசினியிலிருந்து கிணற்றடிக்குப்
பதினெட்டு அடி,
பண்ணைப் பாலத்தைவிட நீளம்.

ஒழுங்கையில் இதற்கு ஒரே சொல்: விசர்.
கிளினிக் கொப்பியில் இருமுனை என்று எழுதியிருக்கிறது.
இரண்டு முனைக்கும் போய் வந்தவள் நான்.
எண்கோட்டில் பூச்சியமும் ஓர் இடம் என்று
பதினொரு வருஷமாகப் படிப்பிக்கிறேன்;
அங்கே குடியிருக்க
இப்போதுதான் பழகுகிறேன்.

குளிசையும் ஒரு உப்புத்தான் என்றார் டாக்குத்தர்.
கறியில் உப்பைத் திடீரென்று குறைக்காதேங்கோ,
கூட்டவும் வேண்டாம்,
வெயிலுக்குள் போனால் தண்ணிப் போத்தல்.
மூன்று மாதத்துக்கு ஒருக்கால்
என் இரத்தத்தில் எவ்வளவு கடல் என்று
அளந்து பார்க்கிறார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்புத்தான்
உள்ளளவும் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தரைக்குப் பண்ணைக் கடலோரம் நடை,
ஞாயிறு என்றாலும்.
இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை
(குளிசையைவிடக் கசப்பு இதுதான்).
கலியாண வீடென்றால் முதல் பந்தியோடு வீடு.
திருவிழாவென்றால் பகல் பூசை மட்டும்.

சட்டி தொடங்கிய அன்று
கதியாலுக்கு அங்கால் நின்று
லோகநாயகி அக்கா கேட்டா:
"இந்தமுறை விரதம் பிடிக்கேல்லையோ பிள்ளை?"
"தண்ணி குடிக்கவேணும் அக்கா."
"பாலும் பழமும் எடுக்கலாமே."
"தண்ணி. நிறையத் தண்ணி."
கொஞ்சம் பொறுத்து,
"முருகனுக்குத் தெரியும்" எண்டா.
என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை பரீட்சை முடிவு வந்தது.
விநோதாவுக்கு மூன்று ஏ.
மீன்பெட்டி சுமக்கிற தகப்பன்
சைக்கிளை ஸ்டாண்டில் போட மறந்து
அப்படியே விழவிட்டு ஓடிவந்தார்.
நான் சிரித்தேன். வாய்விட்டு, நெடுநேரம்.
இவர் கோப்பையைக் கையில் பிடித்தபடி பார்த்தார்.
எனக்குத் தெரிந்த பார்வை,
காய்ச்சல் பார்க்கிற கைபோல.
"சும்மா சந்தோசம்தான்" என்றேன்.
"தெரியும்" என்றார்.
தெரிந்தும் போய் நித்திரைக் கொப்பியைத் திறந்தார்:
ஏழு, ஆறே முக்கால், ஏழு, ஏழு.
அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார்.
கோபம் வந்தது எனக்கு.
சிரிப்புக்கும் சாட்சி தேவைப்படுகிற வீடு.

இன்று இரவு முழிப்பு வந்தது.
கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி,
பொல்லாத வடிவான முழிப்பு.
ஒரு புதுக் கணக்கு
தன் விடையையும் கூட்டிக்கொண்டு வந்து
கட்டில் காலடியில் நிற்கிறது.
குசினி இருட்டில் அரிசி வாளி.
திருவலையைச் சத்தமில்லாமல் இறக்க
எனக்குத் தெரியும். எப்போதோ பழகிவிட்டேன்.
இவருக்கு அதைச் சொல்லவில்லை.

இவர் தோளைத் தட்டினேன்.
"நித்திரை முறிஞ்சுபோச்சு."
லைட்டைப் போடாமல் கொப்பியைத் தேடினார்.
பேனை எழுதவில்லை, உதறினார்.
"எத்தினை மணி?"
"ஒண்டு இருவது."
"விடிய கிளினிக்குக்கு அடிப்பம். கண்ணை மூடும்."

மூடினேன்.
கணக்கு இன்னும் நிற்கிறது.
நிற்கட்டும்.
திருவலை விஷயத்தையும்
விடியச் சொல்லவேண்டும்.