மூணாவது தட்டு

சடையங்குப்பத்தில் எங்கள் மாவு மில்லுக்குப்
பெயர்ப்பலகை கிடையாது.
ரயில்வே கேட்டைத் தாண்டிப் பெல்ட் சத்தம் வரும் பக்கம்
திரும்பு என்பார்கள்.

காலையில் அரிசி, கம்பு, கேழ்வரகு.
மத்தியானத்துக்கு மேல்தான் மிளகாய்.
பள்ளிக்கூடம் விட்டு வந்து
கணக்கு நோட்டில் யார் யார் பாக்கி என்று எழுதுவேன்,
எரியும் கண்ணை
எரியும் விரலாலேயே கசக்கிக்கொண்டு.

அரைத்து முடிந்ததும் நைனா
தகரக் குழாயை மரக்கட்டையால் மூன்று தட்டு தட்டுவார்.
முதல் தட்டுக்குப் பொத்தென்று விழும்.
இரண்டாவதுக்குச் சரியும்.
மூன்றாவதுக்குப் புகைமாதிரி இறங்கும்
ஒரு கைப்பிடி.

பவுண்டரியைப் பூட்டினார்கள்.
பத்துக் கிலோ கொண்டுவந்தவர்கள்
தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள்,
அப்புறம் சொம்பில்.
கரண்ட் பில் மட்டும் முழு ஆளாக வந்தது.

எந்த நாள் என்று ஞாபகமில்லை.
இரண்டு தட்டு தட்டி நிறுத்தினார் நைனா.
நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.
கட்டையை ஆணியில் மாட்டினார்.
என் பக்கம் பார்க்காமல்
"அடுத்தது யாரு" என்றார்.

ராத்திரி கதவைச் சாத்திவிட்டுத் தட்டினார்,
கட்டையில் கோணித் துணி சுற்றி.
முறத்தில் விழுந்ததை அம்மா அடை சுட்டாள்.
தெரு முழுக்க அதில் இருந்தது.
யார் வீட்டு மிளகாயோ நாக்கைச் சுட்டது.
"இது முனிரத்தினம் மாமா வூட்டு கம்பு" என்றான் தம்பி
விளையாட்டாக.
நைனா பாதியில் கை கழுவினார்.

பிலோமினா அக்கா முக்கால் கிலோ கேழ்வரகோடு வந்தாள்.
அவள் புருஷனும் பவுண்டரிதான்.
இரண்டாவது தட்டு முடிந்து
கட்டை ஆணிக்குப் போகுமுன்னே
வாளியை இழுத்து மூடினாள்.
"போதும்ணா, கேட்டு போட்டுருவான்."
கூட்ஸ் வண்டிக்கு இன்னும் அரைமணி இருந்தது.
எனக்குத் தெரியும்.
நைனாவுக்கும் தெரியும்.

அவள் போனபின் மோட்டாரை நிறுத்தி
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.
பிறகு ஒரே தட்டு.
விழுந்ததைப் பேப்பரில் மடித்து
"ஓடு, அக்கா கையில குடு" என்றார்.

ஓடினேன்.
கேட் திறந்துதான் இருந்தது.
அந்தப் பக்கம் அக்காவின் முதுகு தெரிந்தது,
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.
கூப்பிடவில்லை.
கால்வாய்க் கரையில் உட்கார்ந்து
பேப்பரைப் பிரித்தேன்.
பச்சை மாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
எச்சில் ஊற ஊற
அது களியாகிக்கொண்டே இருந்தது.
மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீ
அன்றைக்கும் எரிந்துகொண்டிருந்தது,
யாருக்கும் சமைக்காமல்.

"குடுத்தியா?"
"ம்."
வாயைத் திறக்காமல் சொன்னேன்.
நைனா என் உதட்டோரத்தைப் பார்த்தார்.
இன்னா ஏது என்று கேட்கவில்லை.
தோளிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலை
முதலில் வந்த ஆளுக்கு மூன்று தட்டு.
அப்புறம் நான்காவதாகவும் ஒன்று,
ஒன்றும் விழவில்லை.

பவுண்டரி
அதற்குப் பிறகும் எழுபது நாள் திறக்கவில்லை.