விடும்போது

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
ஒன்பது லட்சம் கண்ணிகளாகப் பின்னிய மாத்திரை ஒன்று
என் திரையில் நிற்கிறது.
யாருடைய சர்க்கரையையும் இன்னும் குறைக்காத மாத்திரை.

மேலிருந்து பஞ்ச் இறங்குகிறது.
இருநூற்று முப்பது மெகாபாஸ்கல்.
நீலம் பச்சையாகிறது, பச்சை மஞ்சளாகிறது,
விளிம்பில் மட்டும் நூலளவு சிவப்பு.
ஒன்றும் உடையவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டாம் படத்தில்
பஞ்ச் மேலே எழுகிறது.
எழும்போதுதான்
தோளோரம் ஒரு கோடு விழுந்து
தொப்பியைப் போலக் கழன்று வருகிறது தலை.

என் கணக்குதான் பிழை என்று மூன்று நாள் இருந்தேன்.
சுவர் உராய்வை மாற்றினேன்,
கண்ணிகளை இன்னும் பொடியாக்கினேன்.
அமுக்கினால் உடையும் சரி,
விட்டால் எப்படி உடையும்?

நான்காம் நாள் தலைக்கு உறை, வாய்க்கு உறை,
காலுக்கும் உறை போட்டுக்கொண்டு
கீழே மூன்றாம் எண் இயந்திரத்துக்குப் போனேன்.
மாதேஷ். அஞ்செட்டிக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி,
வயதில் என்னைவிட இரண்டு குறைவு.
கழிவு டப்பாவைத் திறந்து காட்டினான்.
டப்பா நிறைய வெள்ளைத் தொப்பிகள்.

'வேகத்தைக் குறைச்சுப் பார்க்கலாமா?'
வாயால்தான் சொன்னேன்.
தாளில் எழுதவில்லை, மெயில் போடவில்லை.
நாற்பத்திரண்டு சுற்றை முப்பதாக்கினான்.
இருபத்தேழு பஞ்சும் கொஞ்சம் தயங்கி எழுந்தன.
விடியும் வரை டப்பாவில்
கையளவுகூடச் சேரவில்லை.

காலையில் எண்ணினார்கள்.
உடையாததை அல்ல, குறைந்ததை:
ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் மாத்திரை.
மெமோ மாதேஷுக்கு வந்தது.
கேன்டீனில் எதிரே உட்கார்ந்து
ரசத்தில் சோற்றைப் பிசைந்தான்.
'பரவால்ல மேடம், உங்க படம் சரியாத்தானே வந்துச்சு?'
ஆமாம் என்றேன்.
அது உண்மைதான். அதுதான் தொண்டையில் நிற்கிறது.

என் அறிக்கை இருபத்தொரு பக்கம்.
பதினாறாம் பக்கத்தில் ஒரு வரி:
'இயந்திரத்தின் வேகம் குறைக்கப்பட்டது.'
யாரால் என்று கேட்காத வாக்கியம்.
பள்ளியில் செயப்பாட்டு வினைக்கு
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

இப்போது மணி இரவு ஒன்று பத்து.
'என் சொல்லின்பேரில் மாதேஷ் குறைத்தார்'
என்று திருத்தியிருக்கிறேன்.
பெங்களூருக்கு ரோஜா ஏற்றிய வேன் ஒன்று
வேகத்தடையில் ஏறி இறங்கும் சத்தம்.
'அனுப்பு' மேல் சுட்டி நிற்கிறது,
விரல் அதை அமுக்கியபடி.

இன்னும் எடுக்கவில்லை.