ஏழு சதம்

எங்கள் கணக்குத் தாளில் ஒரு பத்தி.
தலைப்பு: வங்கிக்கான அபாயங்கள்.
முதல் வரி: வாடிக்கையாளர் நெடுநாள் வாழ்தல்.

கல்யாண வீட்டில் நூறு வருஷம் இருங்கள் என்று
அட்சதை போடுகிற அதே கையால்
திங்கட்கிழமை
அந்த வரிக்கு எதிரே எண் போடுகிறேன்.

அர்த்தநாரி, எழுபத்தொன்று.
உருக்காலையில் தகடு உருட்டி ஓய்ந்தவர்.
ஜாகீர் அம்மாபாளையத்தில் நாலரை சென்ட், மெத்தை வீடு.
மதிப்பீட்டாளர் மாதேஸ்வரன்
பின்சுவர் விரிசலில் ஒரு ரூபாயைச் செருகிப் பார்த்தார்.
வெள்ளைக்கல் குழியில் வெடி வைத்த காலத்து விரிசல்.
உள்ளே போன ரூபாய் திரும்ப வரவில்லை.
"பேங்க் மாதிரிதான் சார், போட்டா வராது"
என்றார் அர்த்தநாரி.
சிரித்தோம்.
மதிப்பில் ஏழு சதம் குறைத்தோம்.

கிளைக்கு அழைத்துவந்தது மகன் நந்தகோபால்.
போர்வெல் லாரிக்கு நாலு தவணை பாக்கி.
"மொத்தமா எவ்ளோ வரும் மேடம்?"
மூன்று தடவை கேட்டுவிட்டார்.
மூன்றாவது தடவை, எதிர்க்கடையில் டீ நன்றாக இருக்கும் என்றேன்.
நன்றாக இருக்காது.
ஆனால் கையேட்டில் ஒரு வரி உண்டு:
கடன் வாங்குபவரிடம் தனியே பேசுக.

மகன் போனதும் அர்த்தநாரி
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மாசாமாசம் வந்தாப் போதும்.
மொத்தமா வந்தா லாரிக்குப் போயிரும்."

பத்திரத்தைப் பிரித்தேன். ஒரே பெயர்.
தன் பெயரிலேயே பாதியைக் கொடுத்துவிட்டவர்
பத்திர ஆபீஸில் மறந்திருக்கிறார்.
லோகாம்பாள்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.
"இவர் போன அன்னிக்கு நான் எங்க போறது?"

இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால்
எங்கேயும் போக வேண்டாம்.
அவருக்கு ஐம்பத்தொன்பது.
அந்த வயதைத் தட்டினேன்.
மாதம் பதினெட்டாயிரத்து நானூறு
பன்னிரண்டாயிரத்துச் சொச்சமாக இறங்கி நின்றது.
"எங்கம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்துச்சு"
என்றார், பெருமையாக.

மண்டல அலுவலகம் கேட்கும்:
ஒரு கையெழுத்தைக் கூட்டி
எதற்கு இத்தனை வருஷத்தைக் கூட்டினீர்கள்?

அர்த்தநாரி இரண்டு தொகையையும் பார்த்தார்.
மாத்திரை, கரண்ட் பில், கேஸ் என்று
விரல் மடக்கிக் கொண்டே போனார்.
விரல் தீர்ந்தபின்
"சின்னதே போடுங்க" என்றார்.

மீதியைச் சொன்னேன்.
கடனைவிட வீடு குறைந்து விலை போனால்
குறை எங்களோடு, மகன் தலையில் ஏறாது.
அவர் வீட்டை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால்
கடனை அடைத்து வைத்துக்கொள்ளலாம்.
வீட்டுவரி நீங்கள்தான் கட்ட வேண்டும்.
ஒழுகினால் பூசவும் வேண்டும்.
பூட்டிப்போட்டுவிட்டு ஒரேயடியாகப் போகக்கூடாது.

"ஓமலூர்ல மக வீட்டுக்கு ரெண்டு மாசம்?"
போகலாம்.
"ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்தா?"

அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.
இன்னொரு தடவை.
எனக்கும் தெரியவில்லை என்று சொல்லி
மேலிடத்துக்குக் கேள்வியாக எழுதி வைத்தேன்.
பதில் எழுத்தில் வந்த பிறகுதான்
இருவரையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டேன்.

கையெழுத்துக்குப் பின்னும் மூன்று நாள் உண்டு,
வேண்டாம் என்று சொல்ல.
முதல் நாள் நந்தகோபால் போனில் கத்தினார்.
நான் வீட்டை முழுங்குகிறேனாம்.
முழுங்குவோம்தான், மெதுவாக, ரசீது கொடுத்து.
இதை அவரிடம் சொல்லவில்லை.
இரண்டாம் நாள் யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நாலு மணி.
டவுன் பஸ்ஸில், தனியாக, லோகாம்பாள்.
வேண்டாம் என்கிற கடிதமோ என்று
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
மஞ்சள் பையிலிருந்து சிமெண்ட் கடை ரசீதை எடுத்தார்.

"வெடிப்ப அடைச்சாச்சு.
கொறைச்ச ஏழு சதத்தைத் திருப்பிப் போடுங்க.
ஒத்த ரூபா உள்ளதான் இருக்கு,
அதையும் சேத்து."

மறுமதிப்பீடு ஐந்து வருஷம் கழித்துத்தான் அம்மா.

ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
"வாங்க, இருப்போம்."