போயிட்டு

மனாமாவில், குதைபியாவின் பேக்கரி சந்துக்குள்
பெயர்ப்பலகை இல்லாத வீடு.
ஆறு வாரம் அங்கே என் வேலை
படிவம் நிரப்புவது, அரிசி அளப்பது,
நள்ளிரவில் மணி அடித்தால்
கதவைத் திறக்காமல் கேட்பது: யாரு?

பதினோரு பெண்கள். சார்ஜர் மூன்று.
யாருக்கு எந்த நேரம் என்று
பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்.
கடப்பாவிலிருந்து வந்த மஸ்தானம்மா
அந்தத் தாளை மதித்தாள்,
என்னை அவ்வளவாக இல்லை.
செருப்போடுதான் தூங்குவாள்.
ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.
மறுமுறை கேட்கவில்லை.

இன்றோடு என் விசா முடிகிறது.
அதைச் சொல்லவே கூச்சம்.
அவர்களுக்கும் முடிந்ததுதான்,
போன வருடம், அதற்கு முந்தைய வருடம்.
எனக்கு முடிந்தால் விமானம்.
அவர்களுக்கு வழக்கு எண்.

பெட்டியின் மேல் இரண்டு பேர் உட்கார
மூன்றாமவள் ஜிப்பை இழுத்தாள்.
செஹாய் என் பாஸ்போர்ட்டை வாங்கி
போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள்.
அது கை கைகளாகப் போய்
என்னிடம் திரும்ப வெகுநேரமானது.
ஏசி தண்ணீர் பெயின்ட் டப்பாவில்
சொட்டிக்கொண்டே இருந்தது.

வாசலில் வாய் தானாகச் சொல்லிவிட்டது,
"போயிட்டு வரேன்."

வெறும் 'போறேன்' என்றால்
அம்மா வாயிலேயே போடுவாள்.
இந்த வீட்டில் சகுனம் வேறு.
படி இறங்குகிறவளிடம்
எல்லாரும் அவரவர் மொழியில் சொல்வது ஒன்றுதான்:
போ. திரும்பி வந்துடாதே.
டிக்கெட் கிடைத்துப் போன குசுமலதாவைப் பார்த்து
நானும்தான் சேர்ந்து கத்தினேன்.

மஸ்தானம்மா என்னை முறைத்தாள்.
"வெள்ளு" என்றாள். "ராவொத்து."
பிறகு, கதவைப் பாதி சாத்திக்கொண்டே,
புதுசா வர்ற பிள்ளைக்கு
அரிசி அளக்கத் தெரியுமா என்றாள்.

விமானம் எத்தனை மணிக்கு என்று
முன்பே கேட்டு வைத்திருந்தார்கள்.
மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது
எது கொழும்பு, எது கொச்சி என்று
வயிற்றைப் பார்த்தே சொல்வார்கள்,
பெரும்பாலும் தப்பாக.

என் இருக்கை கடல் பக்கம் அமைந்துவிட்டது.
ஊர் தெரியும் பக்கத்தில்
யாரோ ஒருவர் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டு
ஓடுபாதையிலேயே தூங்கிப்போயிருந்தார்.