எனக்க

கருங்கல் பாரிஷ் ஹாலுக்குக் கூரை தாழ்வு.
தூக்கி அடித்தால் ஷட்டில் கைமரத்தில் தட்டி
ஓட்டுத் தூசியோடு இறங்கும்.
கூரையில் பட்டால் பாயிண்ட் போச்சு என்று
பிறைட்சிங் சார் விதி போட்டார்.
ஆகவே வலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில்
தட்டையாக, கோபமாக அடிக்கப் பழகினோம்.
நாங்கள் இரட்டையர் ஆடப் போன காரணம்
அந்தக் கூரைதான்.

ஷைஜி முன்னால், நான் பின்னால்.
பதினோரு வருஷம் நான் பார்த்தது
அவள் பின்கழுத்தை.
ஹேர்பேண்டுக்குக் கீழே ஒரு மச்சம்,
இரண்டாம் கேமில் அதைத் தாண்டி இறங்கும் வியர்வை.

ஆட்டத்துக்குள் எங்களுக்கு மூன்றே சொல்:
எனக்க. ஒனக்க. விடு.
சென்னை கேம்பில் சிரித்தார்கள்,
"எனக்க என்னடி, முழுசாச் சொல்லு" என்று.
முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள்
ஷட்டில் தரையில் கிடக்கும்.

அப்பா ரப்பர் வெட்டுகிறவர்.
மழைக்கு வெட்டு இல்லாத மாதங்களில் நைலான் ஷட்டில்,
வெயிலடித்தால் இறகு.
ஒன்றுக்குப் பதினாறு இறகு,
எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரணுமாம்.
"அப்ப மத்தப் பக்கத்த என்ன செய்வாவ?"
ஷைஜி கேட்டாள்.
சாருக்குத் தெரியவில்லை.

பேப்பரில் எங்கள் பெயருக்கு நடுவே சிறு கோடு வரும்.
ஒருநாள் கோடு விழாமல்
மெல்பாஷைஜி என்று அச்சாகி
தலைப்பிலும் 'குமரி வீராங்கனை' என்று ஒருமை.
அம்மா அதைத்தான் வெட்டி பீரோவில் ஒட்டினாள்.

பிறகு ஹைதராபாத் கோச்
லேப்டாப்பில் ஒரு பட்டியலைக் காட்டினார்.
அதில் நாங்கள் வேறு வேறு வரிசையில் இருந்தோம்.
அவள், நெட்டையான ஒரு நாக்பூர் பெண்ணோடு.
நான், குண்டூர் ஸ்ரவந்தியோடு.
ஸ்ரவந்திக்காக 'லீவ்' என்று கத்தப் பழகினேன்.
நாக்குக்கு அது அரை நொடி தூரம்.

குவாஹாட்டி போட்டிக்கு
நாகர்கோவிலில் திப்ருகர் வண்டி ஏறினோம்.
மூன்று ராத்திரி எதிரெதிர் பெர்த்.
அவள் வீட்டு ஏத்தங்கா உப்பேரியை
ஒரே கவரிலிருந்து தின்றோம்.
டிரா வந்திருந்தது. இருவரும் பார்த்திருந்தோம்.

காலிறுதி. மூன்றாம் கேம். பத்தொன்பது, பத்தொன்பது.
ஸ்ரவந்தி தூக்கிய ஷட்டில்
ஷைஜியின் தலையைத் தாண்டிப் பின்கோட்டுக்குப் போகிறது.
அவள் பின்னால் ஓடி ராக்கெட்டை ஓங்குகிறாள்.
என் வாயிலிருந்து வந்தது:
விடு.

விட்டாள்.

கோட்டின் வெள்ளையிலேயே விழுந்தது.

அம்பயர் ஜோர்ஹாட்காரர்.
அந்த அரங்கில் அந்தச் சொல் புரிந்தவர்கள்
வலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி,
அந்தப் பக்கம் ஒருத்தி.
எதிராளியைக் குழப்பக் கத்தினால் ஃபால்ட்.
அவள் கை தூக்கிக் கேட்டிருக்கலாம்.
குனிந்து ஷட்டிலை எடுத்து
என் பக்கம் அடித்தாள்,
தாழ்வாக, நாலு விரல் உயரத்தில்.

இருபத்தொன்று, பத்தொன்பது.
கை கொடுக்கும்போது விரல் நுனி மட்டும் கொடுத்தாள்.

அது வெளியே போகும் என்றுதான் நினைத்தேன்.
அப்படித்தான் நினைத்தேன் என்று
இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிக்கெட் பரிசோதகர் வேலை.
ஆனிச் சாரலுக்கு ஒருநாள் முன்பே
வலது தோள் சொல்லிவிடும்.
ஷைஜி துபாயில் பிள்ளைகளுக்கு கோச்.
எட்டு வருஷம் கழித்து
நாற்பத்தெட்டு நொடி வீடியோ ஒன்று அனுப்பினாள்,
ஒரு வார்த்தையும் எழுதாமல்.
விமானம் நிறுத்தலாம், அவ்வளவு உயரக் கூரை.
மணிலா முகமும் லாகூர் முகமுமாய் இரண்டு சிறுமிகள்
தொண்டை கிழியக் கத்துகிறார்கள்:
எனக்க! எனக்க!
நடுவில் விழுகிறது. இருவரும் சிரிக்கிறார்கள்.

மூன்று தடவை பார்த்தேன்.
எனக்க இருக்கிறது. ஒனக்க இருக்கிறது.

'மூணாவது சொல்லையும்' என்று டைப் செய்து
அழித்தேன்.
ஒன்றாம் பிளாட்பாரத்தில் திப்ருகர் வண்டி வந்து நின்றது.
எஸ் நாலில் ஏறினேன்.