நிலுவை: ஒன்று

இரண்டாவது பாட்டு முடிந்து
எல்லாரும் இருக்கிற சத்தத்துக்குள் எழும்பிப் போனேன்.
கையில் தாள், கரண்ட் பில்லின் பின்பக்கம்.
யோவேல் ஐயாவுக்குக் கண்ணில் படலம் வெட்டியிருப்பதால்
இந்த மாசம் நான்தான் வாசிக்கிறேன்.
மைக் கூவியது.
"தள்ளிப் பிடி கா" என்றார் பாடகர் குழுவிலிருந்து ஒரு ரீச்சர்.

வியாழக்கிழமை வீட்டுக் கூட்டம்
றூபவதி அக்கா வீட்டில் இல்லை.
அங்கே கிணறு இறைக்கிறார்கள்.
வாவிக்கரை ஒழுங்கையில், நெல்லு மில்லுக்கு எதிர் வீடு.
ஆறரை என்றால் ஆறரை.
சிரித்தார்கள்.
ஏழரைக்குப் போகிறவள்தானே நானும்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு
மட்டக்களப்பில் மனன வசனப் போட்டி.
வான் காலை ஆறு மணிக்கு வெளிக்கிடும்.
சாப்பாடு கட்டி அனுப்புங்கள், மீன் மட்டும் வேண்டாம்,
போன முறை வான்காரர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

விவாக அறிவித்தலைப் போதகரே எழும்பி வாசித்தார், மூன்றாம் முறை.
"ஆட்சேபனை உள்ளவர்கள்" என்ற இடத்தில்
மணப்பெண்ணின் தம்பி இருமினான்.
அவள் கிறுகிப் பார்த்த பார்வையோடு
ஆட்சேபனை எதுவும் இல்லை என்றாயிற்று.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை.
நெல்மூட்டை தருகிறவர்கள் சனி பின்னேரமே தந்தால் நல்லம்.
வாழைக்குலை, தேங்காய், தயிர்ச்சட்டி,
உயிர்க்கோழி என்றால் காலைக் கட்டி, பீடத்துக்குத் தூர.
வட்டையில் வெள்ளம் நின்று
எல்லாம் பதராய்ப் போனவர்கள்
வெறுங்கையோடு வாருங்கள்.
கடைசி வரி தாளில் இல்லை. வாயில் வந்துவிட்டது.

மறுகா,
"போன வருஷ ஏலத்தில் வராத காசு."
அதன் கீழே ஒரேயொரு பெயர்.

ஒரு பூசணிக்காய்க்கு
ஒபெத்தும் அவருடைய மச்சானும் ஆளை ஆள் ஏற்றி
பதினெண்ணாயிரம் வரைக்கும் போனார்கள்.
நாங்கள் கைதட்டினோம்.
இன்னும் ஐந்நூறு, இன்னும் ஐந்நூறு என்று
கர்த்தரின் பேரால் கத்தினோம்.
மச்சான் சிரித்துக்கொண்டு கையை இறக்கினார்.
ஒபெத் பூசணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
போனவர், போனவர்தான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே
இந்தக் கல்லாறு எவ்வளவு அகலம்?
ஒருவரை ஒருவர் காணாமல் இருக்கப் போதாது.
அவர் ஒரு வருஷம் சமாளித்துவிட்டார்,
வலையைத் தோளில் போட்டு,
மணியடிக்கும் நேரம் பார்த்துத் தோணியை எடுத்து.
மூன்றாம் வாங்கில் அவருடைய மூலையில்
இப்போது குடைகள் வைக்கிறோம்.

தாளைப் பார்த்தேன்.
சபையைப் பார்த்தேன்.
சபை மின்விசிறியைப் பார்த்தது.
சுசன்னாள், ஒபெத்தின் பெண்சாதி,
பாமாலைப் புத்தகத்தின் தையல் நூலை
ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நிலுவை ஒன்று" என்றேன்.
"அது தீர்ந்துவிட்டது."

பொய்.
கோயிலுக்குள், மைக்கில்.
பின்வாங்கிலிருந்து ஒரு ஆமென் வந்தது,
காது கேளாத சீமோன் ஐயாவுடையது.
பொருளாளர் கொப்பியைத் திறந்து, பார்த்து, மூடினார்.

ஆராதனை முடிந்து
செருப்புத் தேடுகிற இடத்தில் பிடித்துக்கொண்டார்.
"எப்படித் தீர்ந்தது? பற்றுச்சீட்டு நம்பர் என்ன?"
"கைதட்டினவர்கள் எத்தனை பேர்?" என்றேன்.
பகிடி என்று நினைத்தார்.
பிறகு விரலை மடக்கத் தொடங்கினார்,
வாங்கு வாங்காக, பாடகர் குழுவோடு, போதகரோடு.
தொண்ணூற்றாறு.
ஆளுக்கு நூற்றெண்பத்தேழு ரூபா ஐம்பது சதம்.
"மச்சானையும் சேர்த்தா?"
"அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்."
"நீதான் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு
குடையை விரித்துக்கொண்டு போனார். மழை இல்லை.

நெல்லு மில்லுக்கு எதிர் வீடு.
அதற்கு அடுத்த வேலி ஒபெத்துடையது,
வேலிக்கு மேலால் ஒரு பூசணிக்கொடி ஏறிக் கிடக்கிறது
என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.
அதை நான் தாளில் எழுதவில்லை.

வியாழன், ஆறரை.
இந்த முறை ஆறரைக்கே போகவேண்டும்.